கழித்த அடிகள்

பிறர் எழுதிய வாக்கியங்களை வெட்டி ஒட்டி ஒருவர் நாவல் செய்தால் அவரைத் திருடர் என்போம். பிறர் பிடித்த படத்துண்டுகளை வெட்டி ஒட்டி ஒருவர் படம் செய்தால் கலைஞர் என்கிறோம். இந்த வித்தியாசம் நியாயமானதுதானா? இப்போது கேள்வி இன்னும் சிக்கலாகியிருக்கிறது. கத்தரிக்கோலைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டு, எங்கே வெட்டுவது என்பதற்கு மட்டும் விதி எழுதித் தருகிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள்.

தமிழர்களுக்கு இதன் முதல் பாதி பழக்கமான விஷயம்தான். 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த ஏ. கே. செட்டியாருக்குக் காந்திஜியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. எடுக்க என்று சொல்வதைவிடத் தேட என்று சொல்வதுதான் பொருந்தும். முப்பது வருஷ காலத்தில் சுமார் நூறு காமிராக்காரர்கள் எங்கெங்கோ பிடித்து வைத்திருந்த துண்டுகளை, லட்சம் மைல் அலைந்து, 50,000 அடி சேர்த்தார். 1940 ஆகஸ்டில் வெளிவந்த படம் 12,000 அடி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அடியில் பதினாறு பிரேம்கள். 50,000 அடியில் 8,00,000. பேசும் படத்தின் வேகத்தில் ஓடவிட்டால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரைக்கு வந்தது இரண்டேகால் மணிக்குச் சற்றுக் குறைவு. மற்ற 38,000 அடியைச் செட்டியார் கழித்தார். அந்தக் கழிப்புக்குத்தான் அவரை ஆசிரியர் என்கிறேன். 1953-இல் அமெரிக்காவில் ஆங்கிலப் பதிப்பு ஒன்று திருத்தித் தொகுத்து வெளியிடப்பட்டது. காந்தி அதே காந்திதான். கை மாறியதால் படம் வேறாகிவிட்டது.

இன்றைக்கு அந்த 8,00,000 பிரேம்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றினால் என்ன ஆகும்? வெளிச்சம் சட்டென்று மாறுகிற இடங்களிலெல்லாம் வெட்டு என்று நாலு வரி எழுதினால், சில நிமிஷங்களில் வெட்டிக் கொடுத்துவிடும். கைத்தடி தெரிகிற காட்சிகளை மட்டும் பொறுக்கு என்றால் பொறுக்கும். கறுப்பிலிருந்து வெளுப்புக்கு வரிசைப்படுத்து என்றால் வரிசைப்படுத்தும். தறியில் அட்டையின் துளைகளைப் பார்த்து ஜக்கார்டு பூப்போடுவது போலத்தான் இது. அட்டை குத்தியவனுக்குப் பூவைப் பற்றி ஓர் எண்ணம் இருக்கிறது, தறிக்கு இல்லை.

லெவ் மானோவிச் என்பவர் 'ஸாப்ட் ஸினிமா' என்ற பெயரில் செய்த படங்களில், துண்டுகளைத் தேர்ந்து அடுக்குகிற வேலையைக் கம்ப்யூட்டரே செய்கிறது. இன்று பார்த்த படம் நாளைக்கு அப்படியே இருக்காது. கேட்கும்போது கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் எந்த வரிசையிலும் வரலாம் என்னும் காட்சிக்கு, எந்த வரிசையிலும் அவசியமில்லை. அடுத்த அத்தியாயம் எதுவானாலும் சரி என்ற நாவலை யார் முழுக்க வாசிப்பார்கள்?

எதிர்ப்பக்க உதாரணம் பம்பாயில் இருக்கிறது. 'காம்ப்' என்ற கலைஞர் குழு 2013-இல் முடித்த 'வளைகுடாவிலிருந்து வளைகுடாவுக்கு' என்ற வகையில் பெயர் வைத்த படம், கட்ச் வளைகுடாப் பக்கத்து மரக்கலங்களில் போகிற மாலுமிகள் தங்கள் கைப்பேசிகளில் பிடித்த காட்சிகளைக் கொண்டது. அவர்கள் அவற்றோடு சேர்த்துவைத்த பாட்டுகளும் கூடவே வருகின்றன. துண்டுகள் மங்கல், சில வெறும் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. ஆனாலும் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்பது பார்க்கிறவனுக்குப் புரிகிறது.

ஒட்டு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சங்கரன்கோவிலில் ஓர் அளவுகோல் நிற்கிறது. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்கள், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சண்டை பிடித்தார்களாம். கோமதியம்மனின் தவத்துக்கு இரங்கிச் சங்கரநாராயணர் தோன்றினார் என்பது கதை. ஆடித்தபசு அதைத்தான் கொண்டாடுகிறது. வலப் பாதி சிவன், இடப் பாதி திருமால். இரண்டு பாதியும் தத்தம் அடையாளத்தை இழக்கவில்லை. மூட்டு மறைக்கப்படவும் இல்லை. ஆனாலும் கும்பிடுகிறவன் மூன்றாவதாக ஒருவரைக் கும்பிடுகிறான். இரண்டு துண்டுகளைச் சேர்த்தபின் மூன்றாவது ஒன்று பிறக்கவில்லை என்றால், அதைச் சேர்க்கை என்று சொல்லலாம். கலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விதி எழுதிப் படம் செய்கிறவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. மனிதன் கழித்ததற்குக் காரணம் அவன் மனசோடு போய்விடுகிறது. விதி எழுதியவன் அதை வெளியிட்டால், எதை எதற்காகத் தள்ளினான் என்று எவரும் வாசித்துப் பார்க்கலாம். இது சின்ன லாபம் அல்ல. ஆனால் இதே கருவிக்கு இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. பழைய மௌனப் படத் துண்டைப் பேசும் படத்தின் வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் தத்தித் தத்தி ஓடுவார்கள். அதைச் சீராக்குவதற்காக, இரண்டு பிரேம்களுக்கு நடுவில் எந்தக் காமிராவும் காணாத ஒரு பிரேமைக் கம்ப்யூட்டர் தானே வரைந்து செருகிவிடும். நடை அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அடியைக் காந்திஜி எடுத்து வைக்கவில்லை. வெட்டுவது வேறு, இட்டுக்கட்டுவது வேறு. கண்டெடுத்த படத்தை வைத்துத் தொழில் செய்கிறவன் இந்தக் கோட்டைத் தாண்டினால், அவன் கண்டெடுத்தவன் என்ற பெயரையே இழக்கிறான்.

ஆகவே கருவியைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. கத்தரிக்கோலானாலும் சரி, கம்ப்யூட்டரானாலும் சரி. இந்த மாதிரிப் படம் எதைப் பார்த்தாலும் நான் கேட்க விரும்புகிற கேள்வி ஒன்றுதான்: விதி எழுதியவர், தாம் கழித்த அடிகளையும் உட்கார்ந்து பார்த்தாரா?