பாஷும் பாட்சாவும்

புதுவை நேரு வீதியையொட்டிய பெரிய அங்காடிக்கு ஏட்டில் வழங்கும் பெயர் குபேர் அங்காடி. மக்கள் நாவில் அது இன்றும் பெரிய மார்க்கெட்தான். அங்கு இறைச்சி வாங்குவோர் ‘கைமா’ என்று கேட்பதிலும், வீட்டில் அது ‘குருமா’ ஆவதிலும் துருக்கிய வினைச்சொற்கள் இரண்டு உயிர்வாழ்கின்றன. முன்னதன் வேர் ‘நறுக்கு’ எனவும், பின்னதன் வேர் ‘வறு’ எனவும் பொருள்படும். பாரசீகமும் உருதும் அவற்றை நம்மிடம் கொண்டு சேர்த்தன.

இவ்வுண்மையை ஏணியாகக் கொண்டு நம் பெயர்களுக்கும் துருக்கிய மூலம் தேடும் ஆர்வம் எழுவது இயல்பே. ‘பாஷா’ என்னும் பெயர், ‘தலை’ எனப் பொருள்படும் ‘பாஷ்’ என்னும் துருக்கியச் சொல்லினின்று பிறந்தது என்பது அவ்வாறு எளிதில் தோன்றும் முடிபு. அதனை நாம் நிறுத்துப் பார்ப்போம்.

‘பாஷ்’ தொன்மையான சொல் என்பதில் ஐயமில்லை. மங்கோலியாவில் கி.பி. 732இல் எழுப்பப்பெற்ற குல் தெகின் கல்வெட்டில் அது உள்ளது. பதினோராம் நூற்றாண்டில் பக்தாதில் மஹ்மூத் அல் காஷ்கரி அரபியில் தொகுத்த ‘திவானு லுகாத்தித் துர்க்’ அகராதியிலும் உள்ளது. துருக்கியிலும் கிர்கிஸிலும் ‘பாஷ்’, கஸாக்கிலும் யாகூத்திலும் ‘பாஸ்’, உஸ்பெக்கில் ‘போஷ்’ என அதன் வழித்தோன்றல்கள் பரந்துள்ளன. சுவாஷ் மொழியில் மட்டும் அது ‘புஸ்’ என ஒலிக்கும். பிற துருக்கிய மொழிகளின் ‘ஷ’கரத்துக்குச் சுவாஷில் ‘ல’கரம் வருவதே வழக்கம், கல்லைக் குறிக்கும் ‘தாஷ்’ அங்கே ‘சுல்’ ஆகும். இங்கு ல் இல்லாமையால், மூலவடிவில் ‘ல்ச்’ என்னும் இணைமெய் இருந்திருக்கலாம் எனச் சிலர் மீட்டுருவாக்குவர். ஒலி மாற்றத்தை ஒழுங்கோடு காட்டுவதே சொல்லாய்வு. ஒலியொப்புமை மட்டும் சான்றாகாது.

பொருளொப்புமையும் போதாது. தலையிலிருந்து தலைவன், அரபியின் ‘ரஃஸ்’ஸிலிருந்து ‘ரயீஸ்’, தலையைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து புதுவையாண்ட பிரெஞ்சுக்காரரின் ‘ஷெஃப்’ என, தலையைத் தலைமையாக்காத மொழி அரிது. இவை ஒன்றுக்கொன்று உறவல்ல.

உதுமானியரின் ‘பாஷா’ பட்டத்தின் மூலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாரசீகப் ‘பாதிஷாஹ்’வின் குறுக்கம் என்பர் ஒரு சாரார், ‘பாஷ்’ என்பதனோடு இணைப்பர் மறுசாரார். அரபியர் அதனைப் பகர ஒலிப்புடன் ‘பா’வால் எழுதுவதைச் சான்றாக்க இயலாது, அம்மொழியில் வல்லொலிப் பகரமே இல்லை. தமிழ் எழுத்தும் உதவாது. நம் ‘ப’ இரண்டு ஒலிகளையும் சுமக்கிறது.

ஆயின் தமிழ் மரபு வேறொரு சான்றைப் பேணி வைத்துள்ளது. நம் ஊர்களில் ‘பாஷா’வுடன் ‘பாட்சா’வும் வழங்குகிறது. அதிலுள்ள டகர மெய் ‘பாதுஷா’வின் தகரத்தின் தடயமன்றி வேறன்று. நாகூரில் அடங்கியுள்ள சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வைத் தமிழகம் பாதுஷா நாயகம் என்றே போற்றி வருகிறது. மன்னர்க்குரிய பட்டத்தை இறைநேசருக்குச் சூட்டிய அவ்வழக்கே நம் இல்லங்களில் இப்பெயர் பரவத் துணைநின்றிருக்கும் எனக் கருதுகிறோம். இஸ்தான்புல்லின் பட்டத்தை இதற்கு அழைத்துவரத் தேவையில்லை.

‘பாஷ்’ இத்துணைக்கண்டத்துக்கு வரவேயில்லை என்பதன்று நம் வாதம். செந்தலையர் எனப் பொருள்படும் ‘கிஸில்பாஷ்’ என்னும் பெயரில் அது வந்தது. செந்நிறத் தொப்பியால் அப்பெயர் பெற்ற ஸஃபவி வீரர்கள், ஹுமாயூன் இழந்த ஆட்சியை மீட்கத் துணைநின்றனர். அங்கே ஒலியும் பொருளும் வரலாறும் ஒருங்கே பொருந்துகின்றன.

தமிழ் முஸ்லிம்களைப் பொதுவாகத் ‘துலுக்கர்’ என்று பிறர் அழைத்த காலம் நீண்டது. கடல் வணிகத்தால் அரபியரோடு உறவு பூண்டவர்களும், இம்மண்ணிலேயே பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர்களும் அவ்வொரு துருக்கியப் பெயருக்குள் அடைபட்டனர். பிறர் இட்ட அப்பிழைப் பெயரை மறுக்கும் நாமே, ஓர் ஒலியொப்புமையை நம்பித் துருக்கிய வழியைத் தேடி அணிவது முரணன்றோ? பெயரின் பெருமை தொலைவிலிருந்து வந்தது என்பதில் இல்லை. அது வந்த வழியை மெய்யாக அறிவதே பெருமை.