பலிக்களமும் விலங்கும்: மணிமேகலை, நீலகேசி, யசோதர காவியம் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

தமிழ்ச் சமண, பௌத்த இலக்கியங்கள் பற்றிய ஆய்வுகளில் 'கொல்லாமை' என்னும் சொல் பெரும்பாலும் முடிந்த முடிபாகவே எடுத்தாளப்படுகிறது. மணிமேகலை, நீலகேசி, யசோதர காவியம் ஆகிய மூன்றும் உயிர்ப்பலியைக் கண்டிக்கின்றன என்று சுட்டி, அவற்றைத் திருக்குறளின் புலான்மறுத்தல், கொல்லாமை அதிகாரங்களோடு இயைத்துக் காட்டுவதோடு ஆய்வு நின்றுவிடுவதுண்டு. ஆனால், பலிக்களத்தில் நிற்கும் விலங்கை இம்மூன்று நூல்களும் ஒரே கண்கொண்டு நோக்கவில்லை. மணிமேகலை விலங்கின் அச்சத்தைக் காண்கிறது. நீலகேசி சடங்கை மாற்றியமைக்க முற்படுகிறது. யசோதர காவியம் பலியிடுவோனின் உள்ளத்தைத் துருவுகிறது. இவ்வேறுபாட்டினால் விலங்கு பெறுவது யாது, இழப்பது யாது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆபுத்திரனும் ஆவும்

மணிமேகலையின் பதின்மூன்றாம் காதையாகிய 'ஆபுத்திரன் திறம் அறிவித்த காதை' வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசு ஒன்றைக் காட்டுகிறது. அதன் கொம்பில் பூமாலை சுற்றப்பட்டுள்ளது. வேடர்க்கு அஞ்சும் மானைப் போல அது நடுங்குகிறது. அதனைக் கண்ட ஆபுத்திரன் கண்ணீர் சொரிகிறான். நள்ளிரவில் அதனை அவிழ்த்துக்கொண்டு செல்கிறான். இங்குக் கொல்லாமை ஓர் அறவுரையாகத் தொடங்கவில்லை. ஓர் உயிரின் அச்சத்தை மற்றோர் உயிர் காண்பதிலிருந்தே அது தொடங்குகிறது. பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்டு, ஏழு நாள் பசுவின் பாலால் உயிர்பிழைத்தவன் ஆபுத்திரன். ஆதலின் இக்காட்சி உறவின் அடிப்படையிலும் அமைகிறது.

அந்தணர் அவனைப் பின்தொடர்ந்து பிடித்து அடிக்கும்பொழுது, அப்பசு வாளா நிற்கவில்லை. உவாத்தியின் குடர் சரியக் குத்திவிட்டுக் காட்டினுள் ஓடி மறைகிறது. பலிக்கெனக் குறிக்கப்பட்ட விலங்கு தானே செயற்படும் இவ்விடம் போதிய அளவு ஆராயப்பெறவில்லை. மீட்பவன், மீட்கப்படும் பொருள் என்ற ஒருவழி உறவை இந்நிகழ்ச்சி மாற்றிவிடுகிறது. ஆபுத்திரன் பசுவைக் காக்க முயன்றான். பசுவும் அவனை அடித்தோரை எதிர்த்தது.

அதன் பின்னரே ஆபுத்திரன் வாதிடுகிறான். வெளிநிலத்துப் புல்லை மேய்ந்து, அருளுள்ளத்தோடு உலகினர்க்குப் பால் சுரக்கும் இவ்வுயிரோடு உங்களுக்குப் பகை என்ன என்பது அவன் வினாவின் சாரம். பகை கொள்வதற்குரிய ஒரு தரப்பாகப் பசுவை வைத்து அவன் பேசுவது கருதத்தக்கது. அறவுணர்வு மனிதர்க்கே உரியது என்னும் கருத்தும் இங்கு நெகிழ்கிறது.

இவ்வாதம் பால் தரும் பயனைச் சார்ந்து நிற்கிறதே, பால் தராத விலங்கின் நிலை என்ன என்னும் தடை எழலாம். அமுதசுரபி பெற்ற பின்னர், உணவளிக்கும் ஆபுத்திரனை மக்களேயன்றி விலங்கும் பறவையும் சூழ்ந்து நின்றதாகக் காப்பியம் கூறும். எனவே பயன் அவனது அருளுக்குத் தொடக்கமேயன்றி எல்லை ஆகாது எனக் கொள்ளலாம்.

2. நீலகேசியின் மண்ணுரு

வாமன முனிவர் உரையுடன் 1936-இல் அ. சக்கரவர்த்தி பதிப்பித்த நீலகேசி, பாஞ்சால நாட்டுக் காளி கோயிலில் தொடங்குகிறது. மகப்பேறு குறித்த நேர்த்திக்கடனாக உயிர்ப்பலியிட வந்தோரை, அங்கு நோன்பியற்றும் முனிச்சந்திரர் தடுக்கிறார். அவர் வழிபாட்டை விலக்கச் சொல்லவில்லை. விலங்கின் உருவை மண்ணாற் செய்து படைத்தால் தேவி மகிழ்வாள் என்கிறார். இதனாற் சினமுற்ற காளி, அவரை விரட்டத் தென்னாட்டு நீலியை ஏவ, அவள் முனிவரிடம் தோற்று அறங்கேட்டு நீலகேசியாகிறாள்.

இங்கு ஆபுத்திரனின் கண்ணீர் இல்லை. விலங்கின் அச்சமும் விரித்துரைக்கப்படவில்லை. எனினும் விளைவு வேறாகிறது. ஆபுத்திரனால் அவ்வூர் வேள்வியை மாற்ற இயலவில்லை. அவனே ஊரினின்று நீங்க நேர்ந்தது. முனிச்சந்திரர் சடங்கின் உள்ளேயே ஒரு மாற்றுப்பொருளை வைத்து உயிர்களைக் காக்கிறார். அதே வேளையில், பலியின் தேவை பற்றிய கேள்வி தேவியின் விருப்பத்தைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது. விலங்கு காப்பாற்றப்படுகிறது, ஆனால் அது யாரிடமும் ஒன்றையும் கேட்பதாக இல்லை.

3. யசோதரனின் மாக்கோழி

யசோதரன் கதை இந்தியா முழுவதும் வழங்கிய ஒன்று. சோமதேவரின் வடமொழி யசஸ்திலகம் (959), சன்னனின் கன்னட யசோதர சரிதெ (1209) ஆகியன குறிப்பிடத்தக்கவை. இக்கதையை அடியொற்றிக் கிரீஷ் கர்னாடு 1980-இல் 'ஹிட்டின ஹுஞ்ச' என்னும் கன்னட நாடகத்தை அமைத்தார். தமிழ் யசோதர காவியத்தில், தீக்கனவின் விளைவை நீக்க உயிர்ப்பலி வேண்டும் என்று தாய் சந்திரமதி வற்புறுத்த, யசோதரன் மாவினாற் செய்த கோழியை வெட்டுகிறான். அதன் பயனாகத் தாயும் மகனும் மயிலும் நாயும் முதலான விலங்குப் பிறவிகள் பல எடுத்து, மீண்டும் மீண்டும் கொல்லப்படுகின்றனர்.

மண்ணுருவை ஏற்கும் நீலகேசியும் மாவுருவைப் பாவமாகக் கருதும் யசோதர காவியமும் ஒரே சமயத்தைச் சார்ந்தவை. இதனை முரண்பாடு எனத் தள்ளிவிட இயலாது. மண்ணுரு படைக்கப்படுவது, மாக்கோழி வெட்டப்படுவது. முன்னதில் கொலை என்னும் செயலே நீங்குகிறது. பின்னதில் உயிர் மட்டுமே நீங்க, கொலைச்செயலும் கொலைக்கருத்தும் எஞ்சி நிற்கின்றன. வினை உள்ளத்தைப் பற்றியது என்னும் சமணக் கொள்கை இங்கு அதன் எல்லைவரை கொண்டுசெல்லப்படுகிறது.

ஆயின் இக்கொள்கையின் நுட்பமே ஓர் இழப்பையும் உண்டாக்குகிறது. கதையின் மையப் பலியில் விலங்கே இல்லை. பின்னர் வரும் விலங்குகளோ விலங்குடல் தாங்கிய அரசனும் அரசியுமே. அவற்றின் துன்பம் படிப்போரை வருத்துவதற்கு அவை முன்பு மனிதராயிருந்தமை பெருங்காரணமாகிறது. மறுதலையாக, எந்த உயிரும் தன் தாயாகவோ தந்தையாகவோ இருக்கக்கூடும் என்னும் எண்ணம் மனித-விலங்கு எல்லையை அழிக்கிறது என்றும் வாதிடலாம். நீத்தார் கடனில் அந்நீத்தாரே பிறந்துள்ள விலங்கின் ஊன் படைக்கப்படும் பகுதி இதற்கு வலுவான சான்று. எனினும் உறவு தெரிந்தால்தான் அருள் பிறக்கும் என்னும் நிலை அங்குத் தொடர்கிறது. ஆபுத்திரனோ அப்பசு முற்பிறவியில் யார் என்று வினவவில்லை.

4. வழக்காறும் சட்டமும்

இவ்வேறுபாடுகள் ஏட்டளவில் நிற்பன அல்ல. ஐயனார் கோயில்களில் மண்குதிரை எடுக்கும் வழக்கம் நீலகேசியின் மண்ணுருவை நினைவூட்டுகிறது. குங்குமம் தடவிய பூசணிக்காயைப் பிளப்பது மாக்கோழியை நினைவூட்டுகிறது. இவை அந்நூல்களிலிருந்து வந்தவை என்பதற்கில்லை. அந்நூல்கள் எழுப்பிய வினா இன்றும் வழக்கில் இருக்கிறது என்பதே கருத்து.

சென்னை மாநிலத்தில் 1950-இல் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. 2003-இல் அதனைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தத் தமிழக அரசு ஆணையிட்டது. 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. நாடு தழுவிய 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவோ, ஒரு சமூகத்தின் சமயம் வேண்டும் முறையில் விலங்கைக் கொல்வதைக் குற்றமாகக் கொள்வதில்லை. 2003-இல் எழுந்த விவாதத்தில், சிறுதெய்வ வழிபாட்டினரின் உரிமை ஒரு புறமும் சீர்திருத்தம் மறுபுறமும் பேசப்பட்டன. எளிய மக்களின் வழிபாட்டை மேலிருந்து திருத்தும் போக்கு பற்றிய ஐயம் நியாயமானதே. காளியைத் தோற்கடிக்கும் நீலகேசியிடமும் அவ்வையத்தை எழுப்பலாம். ஆனால் ஆபுத்திரன் கேள்வி கேட்பது, கற்றோரின் வேள்விச்சாலையில். அதற்காக அவனே ஊரையும் வளர்த்த தந்தையையும் இழக்கிறான்.

முடிவுரை

மூன்று நூல்களும் பலியை மறுக்கின்றன. நீலகேசி அதற்கு நடைமுறை வழியொன்றைத் தருகிறது. யசோதர காவியம் அகத்தின் கொடுமையை அளக்கிறது. விலங்கை ஒரு தரப்பாக நிறுத்துவது மணிமேகலை மட்டுமே. அரசு, சமயம், உரிமை என மனிதர் தமக்குள் வழக்காடும் இடங்களில் கொம்பில் மாலையுடன் நடுங்கும் உயிர் எளிதில் மறக்கப்படுகிறது. 'கொல்லாமை' என்னும் பொதுச்சொல்லுக்குள் இக்காட்சியை அடக்கிவிடும் ஆய்வும் அம்மறதிக்கே துணைசெய்யும். மூன்று நூல்களையும் வேறுபடுத்திக் கற்பதே அதனைத் தவிர்க்கும் வழி எனலாம்.