கூட்டு நூலுக்கு எந்தக் கருவி?

எங்கள் துறையில் மூவர் சேர்ந்து ஆய்வகக் கையேடு ஒன்றை எழுதினோம். ஆளுக்கொரு படியைக் கணிப்பொறியில் வைத்துத் திருத்தினோம். நியூட்டன் வளைய வாய்பாட்டில் விடுபட்ட 4-ஐ ஒருவர் சேர்த்தார். மற்றொருவரின் பழைய படி அதை அழித்துவிட்டது. கையேடு பிழையுடன் அச்சாயிற்று. சோடிய ஒளியின் அலைநீளம் நான்கு மடங்காக வரவே, மாணவர்கள் தங்கள் அளவீடுகளையே சந்தேகித்தனர்.

2013-இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்தில் ஏறத்தாழ இருபத்து நான்கு கணித அறிஞர்கள் 'ஹோமோடோபி வகைக் கோட்பாடு' பற்றிய சுமார் 600 பக்க நூலை ஆறு மாதங்களுக்குள் எழுதி முடித்தனர். அவர்கள் கையாண்டவை லேடெக், கிட் என்னும் இரு கருவிகள். லேடெக்கில் நூல் வெறும் எழுத்துக் கோப்பாகவே இருக்கும். ஆகவே கிட் அதை வரிவரியாக ஒப்பிட முடிகிறது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகிறது. ஒரே வரியை இருவர் வெவ்வேறாக மாற்றினால், இணைக்காமல் நிறுத்தி, எது சரி என்று நம்மையே கேட்கிறது.

குறைகளும் உண்டு. கிட் வரிகளை அறியும், பொருளை அறியாது. தவறான வாய்பாட்டையும் பத்திரமாகக் காக்கும். ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாக இருந்தால், ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அந்த வரி முழுவதும் மாறியதாகக் காட்டும். வாக்கியத்திற்கு ஒரு வரி என எழுதுவதே நன்று. லேடெக்கின் கட்டளைகளோ புதியவரை மிரட்டும். அதனால் பிழை காண வல்ல மூத்த ஆசிரியர் ஒதுங்கிவிடக்கூடும். இதுவே பெரிய இழப்பு.

ஆகவே கருவி தெரிந்த ஒருவர், பிறர் பென்சிலால் குறிக்கும் திருத்தங்களை ஏற்றட்டும். எங்கள் அடுத்த பதிப்பை இம்முறையில்தான் தொடங்கியிருக்கிறோம். முதல் திருத்தம் அந்த 4.