உப்பு சோதிக்கும் இரும்பு

ராக் ஸ்லைடரை ரசிக்கத் தெரிந்தவர் முதலில் குனிவார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, கதவுகளுக்குக் கீழே, வண்டியின் இரு பக்கமும் ஓடும் அந்த இரும்புக் குழாயை நின்றபடி பார்த்தால் ஏறி இறங்கும் படி என்றுதான் தோன்றும். முழங்காலைத் தரையில் ஊன்றி அடியில் எட்டிப் பார்த்தால்தான் அதன் தரம் தெரியும்: எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது, எத்தனை கால்கள், வெல்டிங் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. மேலே பளபளக்கும் கறுப்பு எல்லா ஸ்லைடருக்கும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் அடியில் இருக்கிறது.

அதன் வேலையைச் சொல்வது எளிது. கரடுமுரடான இடத்தில் வண்டியின் பக்கவாட்டு அடிப்பகுதி எதன்மீதாவது உட்கார்ந்துவிட்டால், கதவுக்குக் கீழே உள்ள மெல்லிய தகடு அந்த எடையைத் தாங்காது. அது நசுங்கினால் கதவு சரியாக மூடாது, பாடியின் நேர்த்தி போய்விடும். அந்த எடையை ஸ்லைடர் தான் வாங்கி நேராக சேஸிஸுக்குக் கொடுக்கிறது. வாங்கிக்கொண்டே வழுக்கி முன்னேறவும் விடுகிறது. தாங்குவதும் வழுக்குவதும் சேர்ந்தால்தான் ஸ்லைடர். தாங்க மட்டும் தெரிந்தது முட்டு. வழுக்க மட்டும் தெரிந்தது அலங்காரம்.

‘ராமநாதபுரத்தில் பாறை எங்கே இருக்கிறது, இதைப் பூட்டுவதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கொல்லிமலைக்காரருக்கும் மேகமலைக்காரருக்கும் இந்தச் சந்தேகம் வராது. ஆனால் வண்டியின் வயிற்றில் இடிப்பது பாறை மட்டும் அல்ல. கரிமூட்டத்துக்காகச் சீமைக் கருவேலத்தை வெட்டிய காட்டில், தரையோடு ஒட்டி விட்டுவைத்த அடிக்கட்டைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புல்லுக்குள் மறைந்து நிற்கும் அந்தக் கட்டை, கதவடித் தகட்டைக் கிழிக்கும் வேகத்தில் பாறைக்குச் சளைத்தது இல்லை. இன்னொன்று கண்மாய்க் கரை. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும்போது, முன் சக்கரம் கீழே போயிருக்கும், பின் சக்கரம் இன்னும் ஏறி முடித்திருக்காது. நடு வயிறு கரையின் உச்சியில் உட்காரும். கரையோரம் புதைந்து கிடக்கும் பழைய மடைக்கல்லும் சும்மா இருக்காது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் இளகிவிட்டால் வண்டி இறங்கிப்போகும்; அப்போது ஜாக்கி வைக்க உறுதியான ஓர் இடம் வேண்டும். ஸ்லைடர் அதற்கும் ஆகும்.

இந்தக் கணக்கில் வண்டியின் நீளம் முக்கியம். இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் மூன்று கதவு மஹிந்திரா தாரில் 2450 மில்லிமீட்டர், ஐந்து கதவு ஜிம்னியில் 2590, தார் ராக்ஸில் 2850. தரையிலிருந்து வயிற்றின் உயரம் ஒன்றாகவே இருந்தாலும், தூரம் கூடக் கூட கரை உச்சியில் வயிறு தட்டுவது சீக்கிரம் நடக்கும். ஆகவே குடும்பத்துக்காக நீளமான வண்டியை எடுத்தவருக்குத்தான் ஸ்லைடர் அதிகம் தேவை. குட்டை வண்டிக்காரர் கொஞ்சம் பொறுக்கலாம். இந்த மூன்றும் தனி சேஸிஸ் உள்ளவை. சேஸிஸும் பாடியும் ஒன்றேயான கார்களுக்கு இப்படிப் பூட்ட உறுதியான இடம் கிடைப்பது அரிது. அவற்றில் ‘ஸ்லைடர்’ என்று மாட்டித் தருவது பெரும்பாலும் ஃபுட்போர்டுதான்.

இனி இந்தக் கடற்கரைக்கே உரிய விஷயத்துக்கு வரலாம். மலைநாட்டில் ஸ்லைடரைப் பாறை சோதிக்கிறது. ஒரே அடியில் முடிவு தெரிந்துவிடும். இங்கே சோதிப்பது உப்பு. தேதி சொல்லாமல், வண்டி ஓடாமல் நிற்கும்போதும் சோதிக்கும். அதனால் தேவிப்பட்டினத்திலோ பாம்பனிலோ இருப்பவர் வாங்க வேண்டிய ஸ்லைடரும், கொடைக்கானல்காரர் வாங்க வேண்டியதும் ஒன்றாக இருக்க முடியாது.

கடல் உப்பின் தந்திரம் அதன் தாகத்தில் இருக்கிறது. சமையல் உப்பான சோடியம் குளோரைடு காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதம் வந்தபிறகுதான் நீரை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். கடல்நீர் காய்ந்து படியும் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ராமேஸ்வரம் தீவில் காற்று அவ்வளவு வறண்டு போவது அரிது. அதாவது, தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் இரும்பும் இங்கே உண்மையில் காய்வதே இல்லை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தார் மண்டபம் முகாமில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி வைத்து, அரிப்பின் வேகத்தை ஆண்டுக்கணக்கில் அளந்ததற்கும் இதுதான் காரணம். இரும்புக்கு இதைவிடக் கடுமையான பரீட்சைக்கூடம் நாட்டில் அதிகம் இல்லை.

இந்தப் பாடத்தைக் கண் முன்னே வைத்திருப்பது பாம்பன் பாலம். 1914-இல் திறந்த பழைய பாலத்தைப் பெயின்ட் அடித்துப் பெயின்ட் அடித்துத்தான் 2022 டிசம்பர் வரை ரயில் ஓடும்படி காப்பாற்றினார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்தார்கள். இரும்பின்மேல் பாலிசிலாக்சேன் என்ற பூச்சு கொடுத்தார்கள். இணைப்புகளை முழுக்க வெல்டிங்காக அமைத்தார்கள். கடைசியாகச் சொன்னதுதான் ஸ்லைடர் வாங்குபவர் மனதில் வைக்க வேண்டியது. உப்பு வெட்டவெளியில் கொல்வதைவிட இடுக்கில்தான் அதிகம் கொல்லும். இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும். உள்ளே போன உப்புநீர் வெளியே வராது.

இப்போது குனிந்து பாருங்கள். முதல் கேள்வி, ஸ்லைடர் எதில் பூட்டியிருக்கிறது? பாடியில் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சேஸிஸில் என்றால் அடுத்த கேள்வி: போல்ட்டா, வெல்டிங்கா? மலை ஏறுபவர்களில் பலர் வெல்டிங் பக்கம். உறுதியில் அதற்கு நிகர் இல்லை என்பார்கள். உப்புக்கரையில் நான் போல்ட் பக்கம். சேஸிஸ் என்பது உள்ளே கூடான இரும்புப் பெட்டி. வெளியே கால் ஒன்றை வெல்டிங் வைக்கும்போது அந்தச் சூடு உள்பக்கத்துப் பூச்சையும் எரித்துவிடும். வெளியே மறுபடி பெயின்ட் அடிக்கலாம். உள்ளே கை போகாது. துரு அங்கிருந்து ஆரம்பித்து, வெளியே தெரியும்போது காரியம் மிஞ்சியிருக்கும். போல்ட் வைத்ததைக் கழற்றலாம், பின்பக்கம் கழுவலாம், பூச்சு பார்க்கலாம், மறுபடி மாட்டலாம். பாலத்தில் இடுக்கே இல்லாமல் வெல்டிங் வைத்தார்கள். நம்மால் இடுக்கைத் தவிர்க்க முடியாது, ஆகவே திறந்து பார்க்கக்கூடிய இடுக்காக வைத்துக்கொள்கிறோம். சேஸிஸைச் சுற்றி யூ போல்ட் போட்டு இறுக்கும் வகை மாட்டுவதற்குச் சுலபம். ஆனால் வளைவுக்குள் ஈர மணலைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இந்தக் கரைக்கு அது ஆகாது.

கால்கள் ஒரு பக்கத்துக்கு மூன்றுக்குக் குறையக்கூடாது. ஒவ்வொரு காலும் சேஸிஸைத் தொடும் இடத்தில் அகலமான தகடு இருக்க வேண்டும். இல்லையென்றால் முழு எடையும் ஒரு புள்ளியில் இறங்கி சேஸிஸையே உள்ளே தள்ளும். காலும் தகடும் சேரும் மூலையில் முக்கோணத் துண்டு ஒன்று வைத்திருந்தால், செய்தவர் யோசித்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். வெல்டிங் காலைச் சுற்றி முழு வட்டமாக ஓடியிருக்கிறதா, கண்ணுக்குத் தெரியும் பக்கம் மட்டும் ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மேல்பக்கம் விட்டுப்போன அரை அங்குலம்தான் உப்பின் வாசல்.

அடுத்தது குழாய். ‘ஹெவி பைப் போட்டிருக்கு அண்ணே’ என்று பட்டறையில் சொன்னால், எந்தக் கணக்கில் ஹெவி என்று கேட்கலாம். ஐ.எஸ். 1239 தரத்தில் லேசான குழாய்க்கு மஞ்சள் பட்டை, நடுத்தரத்துக்கு நீலம், கனத்ததற்குச் சிவப்பு. ஒன்றரை அங்குலக் குழாய் என்று நாம் சொல்வதன் வெளி விட்டம் 48.3 மில்லிமீட்டர், சிவப்புப் பட்டை என்றால் சுவர் 4 மில்லிமீட்டர், மீட்டருக்கு ஏறக்குறைய 4.4 கிலோ. சுவரின் கனத்தைக் கூட்டுவதைவிட விட்டத்தைக் கூட்டுவதில் லாபம் அதிகம். அதே 4 மில்லிமீட்டர் சுவரோடு 60.3 மில்லிமீட்டர் குழாய்க்குப் போனால் எடை கால் பங்குக்குச் சற்று மேல் கூடும். வளைய மறுக்கும் விறைப்போ இரு மடங்காகும். எடைக்குத் தருகிற விலையை உறுதியாகத் திருப்பித் தருவது விட்டம்தான். எடை தன்னளவில் பெருமை இல்லை. பட்டறைக்காரர் கிலோ கணக்கில் விலை சொன்னால், அவர் உங்களுக்கு இரும்பை விற்கிறார், ஸ்லைடரை அல்ல.

வடிவத்தில் நான்கு இடங்களைப் பார்ப்பேன். வெளிக்குழாய் சேஸிஸ் மட்டத்துக்குக் கீழே தொங்கக்கூடாது. தொங்கினால் வண்டியின் உயரத்தைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொண்டதாக ஆகும். கிடையாக நீளாமல் மெல்ல மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் கட்டையில் மோதும்போது வண்டியை வெளியே தள்ளும். ஏறி இறங்கக் கொஞ்சம் சிரமம்தான், ஆனால் முதியவர்களுக்கு வேண்டிய படி வேறு, இது வேறு. பின் சக்கரத்துக்கு முன்னால் குழாய் வெளியே பிதுங்கியிருந்தால், குறுகலான வழியில் திரும்பும்போது பனைமரத்தின் அடி பின்கதவை உரசாமல் வண்டியை ஒதுக்கிவிடும். பாடிக்கும் ஸ்லைடருக்கும் இடையில் விரல் நுழையும் சந்து வேண்டும். பாடி ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்து அசைவது. சந்து இல்லாமல் ஒட்டி வைத்தால், காப்பாற்ற வந்ததே இடிக்கும்.

பூச்சில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். கடையில் மினுங்கும் பவுடர் கோட்டிங் நல்லதுதான், கீறல் விழும்வரை. கல் தெறித்த ஒரு புள்ளியில் உப்பு நுழைந்துவிட்டால் பூச்சுக்கு அடியிலேயே பரவும். மேலே கறுப்பு அப்படியே இருக்க, உள்ளே பொரிந்துகொண்டிருக்கும். இந்தக் கரைக்கு ஏற்றது உருகிய துத்தநாகத்தில் முழுக்கி எடுப்பது, நாம் ஜி.ஐ. என்று சொல்வது. சுமார் 450 டிகிரி சூட்டில் இரும்போடு பிணையும் துத்தநாகம், கீறல் விழுந்த இடத்திலும் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். அதன்மேல் எபாக்சி பிரைமரும் பெயின்டும் அடித்தால் இரட்டைக் காவல். ஆனால் வெல்டிங் வேலை எல்லாம் முடிந்தபின்தான் முழுக்க வேண்டும், ஜி.ஐ. குழாயை வாங்கி வெல்டிங் வைத்தால் இணைப்பில் துத்தநாகம் எரிந்துபோகும், அந்தப் புகை வெல்டருக்குக் காய்ச்சலையும் தரும். முழுக்கும் குழாயில் துளைகளும் வேண்டும். எல்லாப் பக்கமும் அடைத்த குழாய்க்குள் சிக்கிய காற்றும் ஈரமும் அந்தச் சூட்டில் வெடிக்கும். அதே துளை, பின்னாளில் உள்ளே போகும் நீர் வடியவும் வழி. ஆகவே குழாயின் தாழ்ந்த முனையில் சிறு துளை தெரிந்தால் குறை என்று நினைக்காதீர்கள். என் கண்ணுக்கு அது கையெழுத்து.

தனுஷ்கோடிப் பாதை இதற்கெல்லாம் பழைய பள்ளிக்கூடம். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்தபின், அரிச்சல்முனை வரையிலான ஒன்பதரைக் கிலோமீட்டர் சாலை 2017 ஜூலையில் திறக்கும்வரை, முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணலும் தேங்கிய கடல்நீரும்தான். வேன்களும் ஜீப்புகளும் ஆட்களை ஏற்றிக்கொண்டு அதில் ஓடின. அங்கே எந்தப் பாறையும் வண்டியை நசுக்கவில்லை. அடியில் ஒட்டிய உப்பு மணல் மெதுவாகத் தின்றது. அப்படிப்பட்ட வண்டியின் வயதை மீட்டரில் பார்ப்பதைவிட கதவடித் தகட்டில் தட்டிப் பார்த்துச் சொல்லலாம். இன்று சாலையில் போகும் வண்டிக்கும் அந்தக் காற்று அதேதான். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவுவது எந்தப் பூச்சையும்விடப் பெரிய பாதுகாப்பு.

ஸ்லைடர் பூட்டியதாலேயே போகக்கூடாத இடத்துக்கு உரிமை வந்துவிடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கு 2025-இல் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். ஆமை முட்டையிடும் மணலில் டயர் தடம் பதிப்பது சாகசம் ஆகாது. வாகனத்தின் பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. பூட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டுக்காரரிடமும் கேட்டுக்கொள்வது செலவில்லாத வேலை. வண்டியின் அகலத்தைத் தாண்டி நீட்டாத ஸ்லைடரே நடந்துபோகிறவருக்கும் நல்லது, பார்வைக்கும் நல்லது.

எல்லாம் பார்த்தபின் ஒரு சோதனை மிச்சம். ஸ்லைடரின் நடுவில் ஜாக்கியை வைத்து அந்தப் பக்கத்தைத் தூக்குங்கள். இரண்டு சக்கரங்களும் சேர்ந்து இளகி எழும்ப வேண்டும், குழாய் வளையக்கூடாது, கதவு தூக்குவதற்கு முன் எப்படி மூடியதோ அப்படியே மூட வேண்டும். விற்பவர் இந்தச் சோதனைக்குச் சம்மதிக்கிறாரா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. என்னைக் கேட்டால், போல்ட்டில் பூட்டிய, முழுக்கி எடுத்த, துளை விட்ட, கொஞ்சம் அழகு குறைந்த ஸ்லைடரையே இந்தக் கரைக்குச் சொல்வேன். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தைப் பார்க்கப் பொறுமை இல்லாதவர் ஸ்லைடரே வாங்க வேண்டாம். பார்க்காமல் விட்ட ஸ்லைடர், சேஸிஸின் தோளில் ஈர உப்பைக் கட்டிவைத்த சுமைதான்.