புறா வளர்த்த பையன்கள் எங்கே போனார்கள்?

பள்ளிக்கூடப் பையன்களை வைத்து எடுக்கும் நகைச்சுவைப் படங்களில் ஒரு வழக்கம் படிந்துவிட்டது. இடைவேளை வரை சிரிக்க வைப்பார்கள். பிறகு ஒரு விபத்தோ கொலையோ வந்து அரங்கை அடக்கிவிடும். இதைக் குறை என்று ஒரேயடியாகத் தள்ள மனம் வரவில்லை. பதினான்கு வயதுப் பையனுக்குச் சிரிப்பும் பயமும் ஒரே பீரியடுக்குள் வந்துபோகும். வருகிற துக்கம் அவனுடையதா, பெரியவர்கள் தூக்கிவந்து அவன் தலையில் இறக்கியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதைப் பேச சௌபின் ஷாஹிர் இயக்கிய முதல் படமான ‘பறவ’ (2017) தோதானது. கதை நடப்பது மட்டாஞ்சேரியில். தோப்பும்படியிலிருந்து சுள்ளிக்கல் வழியாக மட்டாஞ்சேரி வரை வீடுகள் இடைவெளி இல்லாமல் நெருங்கி நிற்கும் மேற்குக் கொச்சி அது. தரையில் இடமில்லாத அந்தப் பகுதியில் மொட்டைமாடிதான் பையன்களின் மைதானம். அங்கே புறாக்கூடு கட்டுகிறார்கள், போட்டிக்குப் பறக்க விடுகிறார்கள். அதிக நேரம் வானில் நின்று சொந்தக் கூட்டுக்கே திரும்பி இறங்குகிற புறாவுக்குத்தான் மதிப்பு. இச்சாப்பி, ஹசீப் என்ற இரண்டு பையன்களும் அப்படிப்பட்ட போட்டிக்குத் தயாராகிறார்கள்.

அந்தப் பையன்களாக நடித்த அமல் ஷாவும் கோவிந்த் வி. பையும் புதுமுகங்கள். கேமரா தங்களைப் பார்ப்பதே தெரியாதவர்கள்போல் இருக்கிறார்கள். ஒரு புறாவைக் கையில் எடுக்கும்போது விரல்கள் எவ்வளவு இறுக வேண்டும், எவ்வளவு தளர வேண்டும் என்பது அந்தக் கைகளுக்குப் பழகியிருக்கிறது. லிட்டில் ஸ்வயம்பின் ஒளிப்பதிவு கூரைகளுக்கு மேலேயே சுற்றுகிறது. ஊரைச் சுற்றுலாக்காரன் பார்ப்பதுபோல் கீழிருந்து பார்க்காமல், மாடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் பையனின் கண்ணால் காட்டுகிறது. யதார்த்தம் என்று நான் மதிப்பது இதைத்தான். அழுக்குச் சுவரும் வட்டார வழக்கும் மட்டும் யதார்த்தம் ஆகிவிடாது. ஒரு வேலையில் முழுக்க ஊறிப்போன மனிதர்கள் வேண்டும்.

அப்புறம் படம் கைமாறுகிறது. இச்சாப்பியின் அண்ணன் ஷேன் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறான். அதற்குக் காரணம் சொல்ல ஃபிளாஷ்பேக் திறக்கிறது. துல்கர் சல்மான் இம்ரானாக வருகிறார். நட்பு, கிரிக்கெட், போதையில் திரியும் எதிர்க்கோஷ்டி, இம்ரானின் சாவு. தனியாகப் பார்த்தால் அந்தப் பகுதியில் குறை சொல்ல அதிகம் இல்லை. அண்ணனாக நடித்த ஷேன் நிகமின் முகத்தில் அந்த இழப்பு கனக்கவே செய்கிறது. ஆனால் அவ்வளவு நேரமும் புறாக்காரப் பையன்கள் திரையில் இல்லை. அவர்கள் திரும்பி வரும்போது, நாம் அண்ணனின் பழி தீருமா என்றுதான் காத்திருக்கிறோம். நட்சத்திரத்தின் எடை அப்படி. 1953 செப்டம்பரில் துறைமுகத் தொழிலாளர் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பறிகொடுத்த ஊர் மட்டாஞ்சேரி. அங்கே துயரத்தை வெளியிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. கூட்டுக்குத் திரும்பாத ஒரு புறா போதும், அந்த வயதுக்கு அது பெரிய இழப்பு.

சிரிப்பிலிருந்து துக்கத்துக்குப் போகும் இந்தத் தொனி மாற்றத்தில் கொரியப் படங்கள் பேர்போனவை. காங் ஹியோங்-சோல் இயக்கிய ‘சன்னி’ (2011) கொரியாவில் 70 லட்சத்துக்கும் அதிகமானோர் திரையரங்கில் பார்த்த படம். அதில் 1980-களில், நடுத்தெருவில் நடக்கும் ஒரு காட்சி. பள்ளி மாணவிகளின் இரண்டு கோஷ்டிகள் சண்டைக்கு வந்து நிற்கின்றன. அதே தெருவில் ஜனநாயகம் கேட்டுப் போராடுபவர்களும் கலவரத் தடுப்புப் போலீசும் மோதிக்கொள்கிறார்கள். எல்லாம் கலந்து, ஒரு டிஸ்கோ பாட்டின் தாளத்தில் அடிதடி நடக்கிறது. சிரிக்கிறோம், அதே நேரம் ஒரு நாட்டின் ரணமும் தெரிகிறது. சிரிப்பை நிறுத்திவிட்டுத் துக்கத்தைத் தொடங்காமல் இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்ததுதான் அங்கே திறமை. அதே படம் கடைசியில் இறந்துபோகும் தோழியின் உயிலைக் கொண்டு மற்றவர்களின் கஷ்டங்களைத் தீர்த்துவைக்கும்போது, அதுவரை காட்டிய வாழ்க்கையின் கடினத்தைத் தானே கரைத்துவிடுகிறது.

தமிழில் பாண்டிராஜின் ‘பசங்க’ (2009) இந்த இடத்தில் ‘பறவ’யைவிட நேர்மையானது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமப் பள்ளி, அன்புக்கரசுவும் ஜீவாவும், அவர்களுடைய பகை. கடைசியில் அன்புக்கரசு விபத்தில் அடிபடுகிறான். அவனுக்குப் பிடித்த கைதட்டலே அவனை மீட்கிறது. விபத்து வலிந்து வந்ததுதான், உருக்கமும் கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் கைதட்டல் முதலிலிருந்தே படத்தில் இருக்கிறது. அவசரத்துக்குக் கடன் வாங்கியது இல்லை. படம் பையன்களைவிட்டு விலகவும் இல்லை.

கிரீஷ் ஏ.டி.யின் ‘தண்ணீர்மத்தன் தினங்கள்’ (2019) யாரையும் சாகடிக்காமலே தொனியை மாற்றுகிறது. பிளஸ் டூ மாணவன் ஜெய்சனுக்கு, பள்ளிக்குப் புதிதாக வரும் ரவி பத்மநாபன் சாரைப் பிடிக்கவில்லை. மற்ற எல்லோருக்கும் அவர் தெய்வம். வகுப்பு முழுக்கச் சிரிக்க, அந்த ஆசிரியர் ஜெய்சனை மட்டம் தட்டும் காட்சியில் நாமும் சிரித்துவிடுகிறோம். மறுகணம் ஜெய்சனாக நடித்த மேத்யூ தாமஸின் முகம் வருகிறது. அவமானம் பட்ட பிள்ளை அதை மறைக்க எடுக்கும் முயற்சி அந்த முகத்தில் அப்படியே இருக்கிறது. தர்பூசணி ஜூஸ் குடித்துக்கொண்டு நண்பர்களிடம் புலம்புவதைத் தவிர அவனுக்கு முறையிட வேறு இடம் கிடையாது. இவ்வளவு சின்ன காயத்தை இவ்வளவு பொறுப்பாகக் காட்டிய படம் அரிது. முடிவில்தான் சறுக்கல். சாரின் வேஷம் கலைந்து, ஜெய்சன் சொன்னதே சரி என்று நிரூபணமாகிறது. நல்ல ஆசிரியர் என்று ஊர் கொண்டாடும் ஒருவர் ஒரு மாணவனிடம் மட்டும் கொடூரமாக நடக்க முடியும். பள்ளிகளில் நாம் கண்ட உண்மை அதுதான். அவரைப் போலி என்று ஆக்கியதும் அந்த உண்மை கையைவிட்டு நழுவிவிட்டது.

‘சன்னி’யைத் தவிர்த்தால் இந்தப் படங்களில் ஆண்பிள்ளைகளின் பள்ளியே பள்ளி என்றிருப்பதையும் சொல்லாமல் விட முடியாது. ‘பறவ’யில் மாடியும் கூடும் போட்டியும் பையன்களுக்கு, பெண்கள் அவர்கள் பார்வையில் வந்துபோகிறவர்கள். ‘தண்ணீர்மத்தன்’ படத்தில் ஜெய்சன் விரும்பும் கீர்த்திக்குச் சொந்தமாகக் கோபமும் முடிவும் உண்டு, அனஸ்வரா ராஜன் அதை உயிரோடு செய்கிறார். என்றாலும் அவள் வீட்டுக்குப் போனபின் என்ன நினைக்கிறாள் என்று கேமரா ஒருமுறையாவது தங்கிப் பார்த்திருக்கலாம். அந்தச் சார் அவளுக்கு எப்படிப்பட்டவராகத் தெரிந்தார் என்பதும், ஜெய்சனின் பிடிவாதம் அவளுக்கு என்ன விலை வைத்தது என்பதும் படத்தில் இல்லாத பாதி.