இயர்ஃபோனுக்குப் பொருத்தம் பார்ப்பது

காதுக்குள் செருகிக் கேட்கும் இயர்ஃபோன்களைப் பற்றிய விமர்சனங்களைச் சில வருடங்களாக விடாமல் வாசித்து வருகிறேன். நாவல் விமர்சனத்தை வாசிக்கிற அதே ஆர்வத்தோடுதான். சில மாதங்களில் அதைவிட அதிகமாகவே. ஐஇஎம் என்று செல்லமாக அழைக்கப்படும் இந்தச் சின்னக் கருவிகளைப் பற்றி எழுதப்படுவதில் பாதி, உண்மையில் இன்னொரு விஷயத்தைப் பற்றியது: எந்த இயர்ஃபோனுக்கு எந்த பிளேயர், எந்த டாங்கிள், எந்த ஆம்ப். இதற்கு ‘சினர்ஜி’ என்று பெயர். நம் ஊர் மொழியில் சொன்னால் ஜாதகப் பொருத்தம். மணப்பெண் பிரகாசமான சுபாவம் என்றால் மாப்பிள்ளை கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கணும். இரண்டு பேருமே பிரகாசம் என்றால் தலைவலி. தினம், கணம், ரஜ்ஜு என்று எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் இன்னொரு 300 வெள்ளி செலவழித்தால் தோஷம் நீங்கும்.

இந்தப் பொருத்தம் பார்ப்பதில் முக்கியமான ஒரு ஜாதகம் எப்போதும் விட்டுப் போகிறது என்பதுதான் என் புகார். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பிளேயரின் ‘சுபாவம்’ என்ன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அது கணக்கில் அடங்கும் விஷயம்.

எந்த ஒலிக்கருவியின் வாயிலிலும் ஒரு மின்தடை இருக்கும். இயர்ஃபோனுக்கும் ஒரு தடை உண்டு. ஆனால் அது ஒரே எண்ணாக இருக்காது, அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். வால்டேஜ் இந்த இரண்டு தடைகளுக்கும் இடையில் பங்கு போடப்படும். ஓர் இயர்ஃபோன் ஓர் இடத்தில் 8 ஓம், இன்னொரு இடத்தில் 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பிளேயரின் தடை 10 ஓம் என்றால், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சுமார் 5 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். அது வேறொரு இயர்ஃபோனே ஆன மாதிரி. பிளேயரின் தடை 1 ஓம் என்றால் வித்தியாசம் 1 டெசிபலுக்கும் குறைவு. அவ்வளவுதான். ‘வெதுவெதுப்பு’, ‘பிரகாசம்’ என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி இந்த வகுத்தல் கணக்கில் முடிந்துவிடுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஜாலான் புசாரைவிட நல்ல இடம் கிடையாது. தெரு ஆரம்பிக்கிற இடத்திலேயே சிம் லிம் டவர். எதிர்ப்பக்கம் இருக்கும் சிம் லிம் ஸ்குவேருக்கு லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இந்தக் கட்டடத்தைக் கவனிக்கவே மாட்டார்கள். உள்ளே ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், சாலிடர், மல்டிமீட்டர் என்று உதிரி உதிரியாகக் கிடைக்கும். ஒரு கோப்பிக்கு ஆகும் காசுக்குள் கைப்பிடி ரெசிஸ்டர் வாங்கிவிடலாம். என்னிடம் இருக்கும் இரண்டு இயர்ஃபோன்களுக்கு அந்தக் கைப்பிடியே போதுமானதாக இருந்தது.

ஒன்று எட்டிமோட்டிக் இஆர்4பி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 1991இல் வந்த இஆர்4 வரிசையின் பிள்ளை. இந்தத் துறையின் பாட்டன் வீடு அது. இஆர்4பி 27 ஓம், அதன் அண்ணன் இஆர்4எஸ் 100 ஓம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன என்றால், ஒவ்வொரு காதுக்கும் 75 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அதை இடையில் போட்டால் தம்பி அண்ணனாகிவிடுவான், மேல்சுருதி தூக்கிக்கொள்ளும். இன்னொன்று ட்ரூதியர் ஜீரோ ரெட், 2023இல் வந்தது, நம் சிங்கப்பூர்க்காரரான கிரினாக்கிளோடு சேர்ந்து வடிவமைக்கப்பட்டது. அதன் பெட்டியிலேயே 10 ஓம் அடாப்டர் ஒன்று போட்டுத் தருகிறார்கள். அதை மாட்டினால் பேஸ் கூடும்.

இங்கேதான் கவனிக்கணும். இரண்டு இடத்திலும் செய்வது ஒரே வேலை, வழியில் தடையைக் கூட்டுவது. ஒன்றில் மேல்சுருதி ஏறுகிறது, மற்றதில் கீழ்ச்சுருதி கனக்கிறது. இஆர்4பியின் தடை மேலே போகப் போகக் கூடுகிறது. ஜீரோ ரெட்டின் தடை கீழ்ப்பகுதியில் அதிகம். அப்படியானால் ‘வெதுவெதுப்பான பிளேயர்’ என்று ஒன்று எப்படி இருக்க முடியும்? ஒரே பிளேயர் ஒரு வீட்டில் நல்ல மாப்பிள்ளை, இன்னொரு வீட்டில் வில்லன். பிளேயரை மட்டும் தனியாக வைத்து அதன் சுபாவத்தை ஒன்றரைப் பக்கத்துக்கு வர்ணிக்கிற விமர்சனங்கள், எதை இயர்ஃபோனாக வைத்துக் கேட்டார்கள் என்பதைக் கடைசி வரியில் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வரும்.

இந்தத் தடை குறைவாக இருந்துவிட்டால் மிச்சம் என்ன? சத்தம் போதுமா, இரைச்சல் இருக்கிறதா என்ற இரண்டே கேள்வி. கேம்ப்ஃபயர் ஆண்ட்ரோமெடா மாதிரி 12.8 ஓம் உள்ள, மூச்சு விட்டாலே கேட்கிற அளவுக்கு நுட்பமான இயர்ஃபோன்களில் பிளேயரின் அடியிரைச்சல் மழை மாதிரி கேட்கும். அங்கே பிளேயரைத் தேர்ந்தெடுப்பதில் நிஜமான அர்த்தம் இருக்கிறது. என்னுடைய இரண்டில் அந்தப் பிரச்சினை இல்லை.

நண்பன் ஒருவன் ஒத்துக்கொள்ளவில்லை. “டேய், இந்த பிளேயர்ல போட்டுப் பாரு, ஸ்டேஜ் அப்படியே விரியும்டா” என்றான். சரி என்று 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட விட்டு, மல்டிமீட்டரில் வால்டேஜ் பார்த்து, அவனுடைய பிளேயரையும் என் ஆப்பிள் டாங்கிளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். (மலிவான மீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் தடுமாறும், அதனால்தான் 100.) இந்த ஒரு வேலையைச் செய்யாமல் எந்த ஒப்பீட்டையும் நம்பாதீர்கள். 1 டெசிபல் சத்தமாக இருப்பது ‘சத்தமாக’ இருக்கிறது என்று காதுக்குத் தோன்றாது, ‘நன்றாக’ இருக்கிறது என்று தோன்றும். கண்ணைக் கட்டி மாற்றி மாற்றிக் கொடுத்தபோது அவனுடைய பதில்கள் காசு சுண்டிப் போட்டதைவிட மேலாக இல்லை. பிளேயரை அவன் விற்கவில்லை. அழகான பொருள், எனக்கும் பிடிக்கும்.

இப்போது விட்டுப்போன ஜாதகம். அது பாட்டு. இன்னும் துல்லியமாகச் சொன்னால், அந்தப் பாட்டின் ஒலிப்பதிவும் அது நம் கைக்கு வந்து சேர்ந்த வழியும். ‘சோர்ஸ்’ என்ற சொல்லை இந்த விமர்சனங்கள் பெட்டிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டன. மூலம் என்பது பெட்டியா?

தமிழ்ப்பாட்டு கேட்பவருக்கு இது விளையாட்டான கேள்வி இல்லை. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) மோனோ. மதுரை சகோதரர்கள் சேதுராமன், பொன்னுசாமி வாசித்த நாதஸ்வரம் அதில் இருக்கிறது. இஆர்4பியில் சீவாளியின் கீறல் காதருகே வந்து நிற்கும், அப்படி ஒரு கணீர். ஆனால் தவிலின் தொப்பிப் பக்கம் மெலிந்து கிடக்கும். கனம் வேண்டும் என்று ஜீரோ ரெட்டில் 10 ஓம் அடாப்டரோடு போட்டால், ஒலிப்பதிவிலேயே இல்லாத அடியை எங்கிருந்து கொண்டுவர? ஒரு கும்மென்ற மந்தம்தான் பெருகுகிறது. அதைவிடக் கொடுமை, இணையத்தில் கிடைக்கிற பல பிரதிகளில் ‘ஸ்டீரியோ’ என்று சொல்லி மோனோவை இரண்டாகக் கிழித்திருப்பார்கள். நாதஸ்வரம் இடது காதில் பாதி, வலது காதில் மீதி. இரைச்சலை நீக்குகிறேன் என்று சீவாளியையும் சேர்த்துச் சீவிவிட்ட பிரதிகளும் உண்டு. இதற்கு எந்த ஆம்ப் பரிகாரம்?

பத்து வருடம் தாண்டி ‘பிரியா’ (1978). சுஜாதாவின் கதை, பெரும்பகுதி இந்த ஊரில் எடுத்த படம், தமிழ்ப்படப் பாடல்களில் முதல் ஸ்டீரியோ என்று பொதுவாகச் சொல்லப்படுவது. புது வீடு கட்டியவர் ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போய்க் காட்டுவது மாதிரி, இளையராஜா கருவிகளை இடமும் வலமும் வைத்துக் காட்டுகிற உற்சாகம் அதில் தெரிகிறது. இஆர்4பியின் துல்லியம் அந்த இடப்பிரிப்புக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. ‘ரோஜா’ (1992) வந்ததும் கதை மாறுகிறது. மின்மினியின் குரலுக்கு அடியில் இருக்கும் கீழ்ச்சுருதியை இஆர்4பி ஒரு தகவலாக மட்டுமே சொல்லும். ஜீரோ ரெட் அதை உடம்பாகத் தரும். இன்றைய பாடல்களோ சத்தத்தின் உச்சியில் நெரித்து வைக்கப்பட்டவை. ஸ்பாட்டிஃபை எல்லாவற்றையும் மைனஸ் 14 என்ற அளவுக்குச் சமன் செய்தாலும், நெரித்தது நெரித்ததுதான்.

ஆக, ‘இஆர்4பி நல்லதா, ஜீரோ ரெட் நல்லதா’ என்ற கேள்விக்கு, எந்த வருடத்துப் பாட்டு என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. கிரினாக்கிளின் தரவரிசைப் பட்டியலை நான் மதிக்கிறேன். இயர்ஃபோன்களை அளந்து, வரைபடத்தைப் பொதுவில் வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். ஆனால் ஓர் எழுத்து மதிப்பெண், எத்தனை நேர்மையானதாக இருந்தாலும், கேட்பவரின் நூலகத்தைப் பார்க்காமல் போடப்பட்டது. அந்த நூலகத்தில் 1968ஆம் வருடத்து நாதஸ்வரம் இருக்குமென்று எந்தப் பட்டியலும் எதிர்பார்க்கவில்லை.

மொழியிலும் இதே சிக்கல். ‘வார்ம்’, ‘டார்க்’, ‘எயரி’ என்பவை வேறு பாட்டுக்கள் கேட்டு வளர்ந்த காதுகளின் சொற்கள். நம்மிடம் கணீர், கரகரப்பு, கம்மல், கார்வை, மந்தம், இழைவு என்று குரலுக்கும் கருவிக்கும் பழகித் தேய்ந்த சொற்கள் இருக்கின்றன. கச்சேரிக்குப் போகிற அத்தையிடம் இஆர்4பியைக் கொடுத்தேன். அரை நிமிஷம் கேட்டுவிட்டு, “சாரீரம் நன்னா இருக்கு, கார்வைதான் நிக்கல” என்றார். இரண்டாயிரம் வார்த்தை விமர்சனங்கள் சொன்னதைவிட அது சரியாக இருந்தது.

சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். ஜாலான் புசாரிலிருந்து நடந்து போகிற தூரம்தான். நண்பன் அங்கே வாங்கி வைத்திருந்த ‘ஹவ் டு நேம் இட்’ (1986) கேசட் ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. நாடாவில் இரைச்சல் உண்டு, ஓட்டத்தில் லேசான தள்ளாட்டமும் உண்டு. ஆனால் நரசிம்மனின் வயலின் வில் நரம்பைத் தொடுகிற அந்த முதல் உராய்வு அதில் இருக்கிறது. நான் கேட்டுவந்த டிஜிட்டல் பிரதியில் அந்த உராய்வு வழித்தெடுத்த மாதிரி காணோம். இரண்டையும் டாங்கிள் வழியாக, இரண்டு இயர்ஃபோனிலும், சத்தத்தைச் சமன் செய்து கேட்டேன். 55 டாலர் ஜீரோ ரெட்டில் கேசட் ஜெயித்தது. இஆர்4பியிலும் கேசட்தான்.