வளவும் சிறுவாடும்

கையில் காசிருந்தும் கடையில் சாமான் இல்லாதது ஒரு வகைத் தட்டுப்பாடு. கடை நிறையச் சாமான் இருந்தும் கையில் காசில்லாதது இன்னொரு வகை. நம் காலத்தில் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் முதல் வகையையும், தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டாவதையும் கண்டன. இரு கரையிலும் வீடுகள் அதைத் தாண்டி வந்தன. பிள்ளைகள் விளையாடினார்கள், கல்யாணங்கள் நடந்தன, வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் யாரும் அனுப்பவில்லை. ஆனால் தாண்டிய வழி வேறு. யாழ்ப்பாணத்துச் சிக்கனம் வீட்டைச் சுற்றியுள்ள வளவை நம்பியது. தமிழ்நாட்டுச் சிக்கனம், வீட்டுப் பெண்கள் செலவில் மிச்சம்பிடித்து யாருக்கும் தெரியாமல் சேர்க்கும் சிறுவாட்டை நம்பியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நெருக்கடியில் ஒரு வீட்டை நிற்கவைப்பது எது என்பது தெளிவாகத் தெரிகிறது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பெட்ரோல், பற்றரி, சவர்க்காரம் என்று அன்றாடத்துக்கு வேண்டிய பல பொருட்கள் வடக்குக்குப் போவதை அரசு தடுத்தது அல்லது அளவோடு விட்டது. மண்ணெண்ணெய் யானை விலை விற்றது. அந்த நாட்களின் வெளிச்சம் ஜாம் போத்தல் விளக்கு. வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். நடுவில் சிறு குழாய் ஒன்றில் நூல் போன்ற திரி. போத்தலின் கண்ணாடியே காற்றைத் தடுக்கும் சிமினி. எண்ணெயைப் பஞ்சு பிடித்து வைத்திருப்பதால் விளக்கு சரிந்தாலும் ஊற்றுப்படாது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளுக்குப் படித்தது இந்த விளக்கைச் சுற்றி இருந்துதான். பற்றரி இல்லாதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடியது. கார்பரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு உசுப்பிய மோட்டார் சைக்கிள், பிறகு மண்ணெண்ணெயில் ஓடியது. சவர்க்காரம் கிடைக்காத வீட்டில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள்.

இதைப் பெருமையாகச் சொல்லும்போது ஒன்றை மறக்கக்கூடாது. அந்தத் தடை ஓர் அநீதி. மக்களின் கெட்டித்தனம் அந்த அநீதியை நியாயப்படுத்தாது. ஆனால் அந்தக் கெட்டித்தனம் ஒரு நாளில் வந்ததும் இல்லை. பனையையும் வேலியையும் நம்பி வாழ்ந்த தலைமுறைகளின் அறிவு, தேவை வந்தபோது கைகொடுத்தது.

யாழ்ப்பாண வளவில் வேலிகூடச் சாப்பாடு தரும். கிளுவைக்கும் பூவரசுக்கும் இடையில் முருங்கை நிற்கும். முசுட்டையும் தூதுவளையும் படரும். காய்கறி வாங்க வழியில்லாத நாளில் ஆய்ந்த இலை வறையாகும், தேங்காய்ப்பூவோடு சோற்றுக்குப் போதும். பனம் விதைகளைப் பாத்தியில் அடுக்கி முளைக்கவிட்டு, தை மாசியில் கிழங்கு கிண்டுவார்கள். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பழத்தின் களியை ஓலைப்பாயில் ஊற்றிக் காயவைத்தால் பினாட்டு. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கயர்ப்புப் போகப் பிழிந்தெடுத்தால் பிட்டும் கூழும் தயார். தமிழ்நாட்டின் மாநில மரமும் பனைதான். ஆனால் அங்கே பெரும்பாலான வீடுகளில் கிழங்கைப் பொங்கல் நாட்களில் அவித்துத் தின்பதோடு சரி. கிழங்கை மாவாக்கி மாதக்கணக்கில் காக்கும் வேலையை யாழ்ப்பாணம் கைவிடவில்லை.

தமிழ்நாட்டு வீட்டின் கெட்டித்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. அது விலை ஏறுமுன் வாங்கி, வெயிலில் காயவைத்து, விலை ஏறியபின் எடுத்துச் சமைப்பது. சித்திரை வைகாசியில் கத்திரிக்காயும் கொத்தவரங்காயும் மாங்காயும் மலிவு. நறுக்கி உப்பில் புரட்டி மொட்டைமாடியில் பரப்பினால் ஐப்பசி மழையில் வத்தக்குழம்புக்கு ஆகும். கூழ்வடகம் ஊற்றுவதற்குப் பழைய வேட்டி வேண்டும். விடிகாலையில் அரிசிக்கூழைக் கிண்டி, உப்பும் சீரகமும் பச்சைமிளகாய் விழுதும் சேர்த்து, சூடாறுமுன் கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றிவிட வேண்டும். காய்ந்தபின் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடகம் உடையாமல் உரிந்துவரும். காக்காய் விரட்டக் காவல் வைத்த பிள்ளைகள் அரைக்காய்ச்சலாக இருக்கும்போதே கால்வாசியைத் தின்றுவிடுவார்கள். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் அம்மா ஊற்றியிருப்பாள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் பழைய சோறு, தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். இந்த வீட்டில் எதுவும் வீணாகாது.

அடுப்படியின் இன்னொரு மூலையில் சிறுவாடு இருக்கும். அரிசிப்பானையின் அடியிலும் அஞ்சறைப்பெட்டியின் ஓரத்திலும் மடித்துவைத்த நோட்டுகள், பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்திலும் திடீர்க் காய்ச்சலின்போதும் வெளியே வரும். இந்தப் பழக்கம் ஊர்கூடிச் செய்யும் காரியமாகவும் வளர்ந்தது. 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டபோது, வாரம் கொஞ்சமாக மிச்சம்பிடிப்பது அந்தப் பெண்களுக்குப் புதிய பாடமாக இருந்திருக்காது. சேர்த்ததை வெளிச்சத்தில் வைத்து, தங்கள் பெயரில் எழுதிவைப்பதுதான் புதிது.

இரண்டு வழிகளுக்கும் எல்லை உண்டு. பணத்தின் எல்லையை இந்தியாவில் 2016 நவம்பர் 8 இரவு காட்டியது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதும், பல ஆண்டு இரகசியமாகச் சேர்த்த சிறுவாட்டைப் பெண்கள் கணவன் முன்னால் எடுத்துவைக்க நேர்ந்தது. இலங்கையில் 2022ஆம் ஆண்டு அதை இன்னும் கடுமையாகக் காட்டியது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். உண்டியலில் இருந்த காசின் பெறுமதி பாதியாகிவிட்ட நாளில், வளவில் நின்ற தென்னையும் முருங்கையும் மரவள்ளியும் முன்போலவே காய்த்தன. ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. எரிவாயு சிலிண்டருக்கு வரிசை. 1990களைக் கண்ட வடக்கின் பெரியவர்களுக்கு விறகடுப்பு புதிதில்லை. கொழும்பின் தொடர்மாடி வீடுகளில் இருந்தவர்களோ அடுப்பு மூட்ட இடம் தேடினார்கள். அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை விடுமுறை என்று அந்த ஜூனில் அமைச்சரவை முடிவெடுத்தது. வளவு இல்லாத வீட்டுக்கு அந்த விடுமுறை எதைத் தரும்?

வளவின் எல்லை அதுதான்: அது எல்லோருக்கும் இல்லை. மலையகத்து லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த நிலம் கிடையாது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட யாழ்ப்பாண விவசாயிகள் நிமிர்ந்தார்கள். அதே ஆண்டுகளில், 1974ஐ ஒட்டி, மலையகத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். கோதுமை மா ரொட்டியையும் சம்பலையும் வைத்து நாளை ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். சிக்கனத்தில் அவர்களுக்குக் குறைவில்லை. நிலமும் இல்லாமல், போதுமான கூலியும் இல்லாமல் எந்தச் சிக்கனமும் வயிற்றை நிரப்பாது. அவர்களின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று விதிக்கப்பட்டதே 2021இல்தான். அடுத்த ஆண்டு விலைவாசி அதைத் தின்றுவிட்டது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு பலத்தைச் சொல்லியாக வேண்டும். அது ரேஷன் கடை. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்காரர்களுக்கு அரிசி இலவசம். ஏழை யார் என்று சலித்தெடுக்காமல் எல்லோருக்கும் அட்டை கொடுத்த முறை அது. 2020 மார்ச் ஊரடங்கில் வேலை நின்ற வீடுகளில் உலை கொதித்ததற்கு அந்த அரிசி பெரிய காரணம். இலங்கையிலும் ஒரு காலத்தில் கூப்பன் அரிசி எல்லா வீட்டுக்கும் போனது. அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோதுதான் 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தால் வெடித்தது. 1979இல் அது உணவு முத்திரையாகச் சுருங்கியது. 2023இல் வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் பட்டியலில் தங்கள் பெயர் இல்லை என்று மேன்முறையீடுகள் குவிந்தன. வீட்டின் கெட்டித்தனமும் நாட்டின் கடமையும் சேர்ந்தால்தான் சிக்கனம் கௌரவமாக இருக்கும். நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 மே மாதத்தில் தமிழ்நாடு அனுப்பிய அரிசியும் பால்மாவும் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியது, ஒரு கரையின் பலம் மறுகரைக்கு உதவிய தருணம். அறிவிக்கப்பட்ட அரிசி 40,000 தொன்.

சரி, மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? இரு கரையிலும் ஒரே இடத்திலிருந்துதான்: கூடிச் சாப்பிடுவதிலிருந்து. ஒடியல் கூழுக்கு எதுவும் அதிகமாக வேண்டாம். நாலு நண்டு, ஒரு பிடி இறால், கொஞ்சம் சின்னமீன், மரவள்ளித் துண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, ஒரு கை முருங்கையிலை. தனித்தனியாக ஒன்றும் ஒரு கறிக்குக் காணாது; ஒரே பானையில் போட்டால் அயலட்டைக்கும் காணும். முற்றத்தில் பாய் விரித்து, பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, சுடச்சுடக் குடிக்கும்போது யார் வீட்டு நண்டு, யார் வீட்டு மா என்ற கணக்கு மறைந்துபோகும். தமிழ்நாட்டில் ஆடி மாதம் மாரியம்மன் கோயிலுக்கு வீட்டுக்கு வீடு கேழ்வரகுக் கூழ் காய்ச்சி எடுத்துப்போய் ஒன்றாக ஊற்றி, வருகிற எல்லோருக்கும் வார்க்கிறார்கள். 1870களின் பஞ்சத்தில் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரும் மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளையும் கஞ்சித்தொட்டி வைத்துப் பசியாற்றினார்கள். ஒருவர் சைவர், ஒருவர் கிறிஸ்தவர். பானையில் கொதித்தது ஒரே கஞ்சி.

இரு கரையிலும் ஒரே குறையும் இருக்கிறது. தட்டுப்பாட்டின் பாரம் பெண்ணின் தலையில் விழுகிறது. கடைசியாகச் சாப்பிடுபவள் அவள். சட்டியின் அடியில் ஒட்டியதை வழித்து, “எனக்குப் பசிக்கேல்லை” என்று யாழ்ப்பாணத்தில் சொல்கிறாள்; “நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் பார்த்துக்கறேன்” என்று மதுரையில் சொல்கிறாள். ஒடியல் இடிப்பதும் வடகம் ஊற்றுவதும் வரிசையில் நிற்பதும் அவள் கணக்கில்தான். அவள் பட்டினியில் மிச்சமாவதைச் சிக்கனம் என்று புகழ்வது அநியாயம். 2023 செப்டம்பர் 15இல் தமிழ்நாட்டில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1000 ரூபாயை அவள் கணக்கிலேயே போட்டது. ஒளித்துவைக்க வேண்டாத சிறுவாடு அது. வீட்டுக்குள்ளும் அதுபோன்ற ஒரு மாற்றம் வேண்டும்.

ஆகவே நெருக்கடி வருமுன்பே இரு கரையும் ஒன்றிடமிருந்து ஒன்று படிக்கலாம். தமிழ்நாட்டு வீடுகள் ஒரு முருங்கைக் கொம்பையாவது நடட்டும்; மாடித்தொட்டியில் கீரை விதைக்கட்டும்; ஒரு பொருள் கிடைக்காவிட்டால் அதற்கு மாற்று எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். ஈழத்து வீடுகள் எல்லோருக்குமான பங்கீட்டை அரசிடம் உரிமையாகக் கேட்கட்டும். பெண்கள் சேர்ப்பது அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும். எங்கிருந்தாலும், வரவையும் செலவையும் வீட்டில் எல்லோரும் அறிந்து பேசும் வழக்கம் வரட்டும். “இந்த மாதம் இவ்வளவுதான்” என்று நேராகச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்; அது தன் பங்குக்கு எதையாவது விட்டுக்கொடுக்க முன்வரும். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் சிக்கனம் யாருக்கும் தண்டனையாக இருக்காது.